ஒரு வரி எழுதித் தந்தால் போதும்

அந்தச் சத்தத்தக் கொஞ்சம் குறைச்சிக்கிடுங்க அண்ணாச்சி. குறையாச் சொல்லல. பாக்கது உங்க உரிமை. ஆனா உங்க போன்ல ஓடுதே, அந்த வீடியோ யாரு எடுத்தது தெரியுமா? தெரியாது. உங்களுக்கு யாரு அனுப்புனா? மச்சினனா. மச்சினனுக்கு யாரு அனுப்புனா? அது அவருக்கே தெரியாது. இப்படித்தான் ஊரு நடக்கு. ஒருத்தன் உக்காந்து மண்டைய உடைச்சி ஒண்ணப் பண்ணுவான், மத்தவன் பூராவும் ஓசியில சிரிச்சிக்கிட்டுப் போவான்.

இல்ல இல்ல, பாருங்க. நிறுத்தச் சொல்லலயே நான்.

திருச்செந்தூருக்கா போறிய? நானும் அதுவரைக்கும் இந்த பஸ்தான். அங்க எறங்கி வேற பஸ் மாறணும், மணப்பாட்டுப் பக்கம். ஒரு சாவு வீடு. சாவு முடிஞ்சி மாசம் ஒண்ணாச்சி, இன்னைக்குச் சாயங்காலம் சர்ச்சுல நினைவுப் பூச வச்சிருக்காவ. பூசைக்காகப் போகல. நமக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது, நாம சைவம். அந்த வீட்டுல ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருக்கு. ஒரே ஒரு வரி, அதுக்குக் கீழ ஒரு கையெழுத்து. அத வாங்கிட்டா அவங்களுக்கும் நல்லது, எனக்கும் நிம்மதி. ரொம்ப நாளா இழுத்துக்கிட்டுக் கெடக்கு.

நான் யாருன்னு கேக்கலியே நீங்க. ஆவுடைநாயகம். முனைவர் ஆவுடைநாயகம். சட்டக் கல்லூரியில முப்பது வருசத்துக்கு மேல வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். எம் பேரச் சொன்னா தெரியாது, காப்பிரைட் சாருன்னு கேட்டுப் பாருங்க. பாளையங்கோட்டையில எந்த வக்கீலும் சொல்லுவான்.

தொண்ணூறுகள்ல நான் டாக்டர் பட்டத்துக்குத் தலைப்பு எழுதிக் கொண்டு போறேன். கம்ப்யூட்டரும் காப்பிரைட்டும். எங்க கைடு கண்ணாடியக் கழத்தி வச்சிட்டுச் சிரிச்சாவ. "ஏல ஆவுட, கம்ப்யூட்டருங்கது ரயிலு டிக்கெட் போடுத மெசினுலா, அதுக்கு எதுக்குல காப்பிரைட்டு"ன்னாவ. அன்னைக்கு எல்லாவனும் சொத்து வழக்குல ஆராய்ச்சி, இந்துத் திருமணச் சட்டத்துல ஆராய்ச்சி. நான் ஒருத்தன்தான் இத எடுத்தேன். கல்லூரியில கம்ப்யூட்டரே கிடையாது. மதுரைக்கு பஸ் ஏறிப் போயி, ஒரு டைப்பிங் சென்டர்ல நின்னு பாத்துட்டு வந்துதான் எழுதினேன்.

என்ன எழுதினேன்னு கேளுங்க. ஒரு காலம் வரும், ஒரு லைப்ரரி பூராவும் சட்டைப் பைக்குள்ள அடங்கும். அன்னைக்கு வகுப்புக்குச் சுவர் இருக்காது. அடுத்தவன் எழுதினத, அடுத்தவன் பேசினத எடுத்துக் காட்டாம ஒரு வாத்தியாரும் பாடம் நடத்த முடியாது. பாடம் நடத்தயில எடுத்துக் காட்டுதது திருட்டு இல்ல, சட்டம் அதுக்கு வழி விட்டாகணும். இதுதான் எம் புத்தகம். காப்பிரைட் சட்டத்துல பிரிவு அம்பத்திரண்டு. அந்த ஒரு பிரிவுக்காக என் வாலிபம் போச்சி அண்ணாச்சி. கல்யாணம் முடிஞ்ச புதுசுல காந்திமதி, எம் பொண்டாட்டி, அக்கம்பக்கத்துல சொல்லுவாளாம், எங்க வீட்டுல எங்க மாமியாரு கிடையாது, அம்பத்திரண்டுதான் மாமியாருன்னு.

என்ன பிரயோசனம்? புத்தகம் போட்ட ஆளு ஐநூறு அடிச்சான், முந்நூறு குடோன்ல கெடந்து கரையான் தின்னிச்சி. படிச்சவன் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துப் படிச்சான். அது பரவாயில்ல, படிக்கதுக்குத்தான எடுத்தான், நான் எழுதினதும் அதத்தான. ஆனா எவனாவது அவன் கட்டுரையில எம் பேரப் போட்டிருக்கானா? போட மாட்டான். எடுப்பான், போட மாட்டான்.

ஒருக்க டெல்லிக்குக் கூப்பிட்டாவ. இன்டர்நெட்டுல திருட்டு வீடியோ போடுதவன என்ன செய்யதுன்னு பேச ஒரு கமிட்டி. பெரிய பெரிய ஆளுவ எல்லாம் இருக்காவ, என்னைய ஓரமா ஒரு நாற்காலியில போட்டாவ. எந்திரிச்சி ஒரே ஒரு விசயம் சொன்னேன். ஒருக்கன்னா கண்டிக்கலாம், ரெண்டு தடவன்னா எச்சரிக்கலாம், மூணாவது தடவ மாட்டினா கடையவே சாத்திரணும். அம்புட்டுதான். அறிக்கையில எப்படிப் போட்டாவ தெரியுமா? "உறுப்பினர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்." உறுப்பினர் ஒருவர்! பிறகு பாத்தா வீடியோ கம்பெனிக்காரன் எல்லாம் அதே விதியப் போட்டு வச்சிருக்கான், மூணு புகாரு வந்தா சேனல் காலி. எங்கிட்ட இருந்து எடுத்தான்னு நான் சொல்ல வரல. ஆனா நான் சொன்னது.

என்ன, கிருஷ்ணாபுரம் தாண்டிட்டா? காத்து வரட்டும், ஜன்னலச் சாத்தாதிய.

சரி, இப்ப கிளாட்வினுக்கு வாரேன். அந்தச் சாவு வீடு அவன் வீடுதான். மரிய கிளாட்வின். எங்கிட்டப் படிச்சவன். கடக்கரைப் பையன், அப்பா வள்ளத்துல போற ஆளு, தமிழ் மீடியம். நான் இங்கிலீசுல நடத்துவேன், அவன் கடைசி பெஞ்சுல உக்காந்து மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பான். வகுப்பு முடிஞ்சி நான் வெளிய வந்தா வாசல்ல நிப்பான். "சார், ஒண்ணும் விளங்கல சார். ஒருக்கத் தமிழ்ல சொல்லுங்க." வராண்டாவுல நின்னு சொல்லுவேன். அத அப்படியே கொண்டு போயி ஹாஸ்டல்ல மத்த பயலுவளுக்கு நடத்துவான். நான் ஒரு நாள் அந்தப் பக்கமாப் போகயில கேட்டேன். நல்ல குரலு அண்ணாச்சி. அவங்க ஊரு கோயில்ல மைக்குல வாசகம் வாசிக்கது இவன்தானாம். கனமான குரலு, ஆனா அதட்டாது. கூப்பிட்டு வச்சிச் சொல்லுத மாதிரி இருக்கும்.

வீட்டுக்கும் வருவான். காந்திமதி சோறு போடுவா. நம்ம வீட்டுச் சாம்பாரத் தின்னுட்டு, "அத்த, இதுல ஒரு நெத்திலி கெடந்தா எப்படி இருக்கும்"பான். அவளுக்கு அது ஒரு சிரிப்பு. பொம்பளப் பிள்ளையக் கோயம்புத்தூருல கட்டிக் குடுத்துட்டு இருந்தவளுக்கு இவன் வந்தா வீடு நெறஞ்ச மாதிரி இருக்கும். படிப்ப முடிச்சான், திருச்செந்தூர் கோர்ட்டுல பிராக்டீஸ், கல்யாணம், ஒரு பொம்பளப் பிள்ள. வருசத்துக்கு ஒருக்கா கிறிஸ்துமசுக்குக் கேக்கு கொண்டு வருவான். எனக்கு அவன் மேல ஒரு கோவமும் கிடையாது, இத நீங்க மனசுல வச்சிக்கிடணும்.

கொரோனா வந்திச்சி. எல்லாரும் வீட்டுக்குள்ள. நான் என்ன செஞ்சேன், இத்தன வருசம் நடத்துனத எல்லாம் வீடியோவா எடுத்து வச்சிருவோம்னு ஒரு போர்டு வாங்கி ஹால்ல மாட்டினேன். காந்திமதி போனப் பிடிச்சா. அவ கை கடுக்கும், கடுக்கும்பா, நான் விடல. என் வாழ்க்க பூராவும் அதுல இருக்கு. எல்லாத்தயும் இன்டர்நெட்டுல ஏத்தினேன். யாரு பாத்தா? நான் பாத்தேன். எம் மருமகன் ஒண்ணு பாத்தாரு. ஒரு வீடியோவ நூறு பேரு பாத்திருந்தா அதுல பாதி நானாத்தான் இருக்கும், சரியா ஏறியிருக்கான்னு பாக்கதுக்கு.

வருசம் போச்சி. பாளையங்கோட்டையில ஒரு கல்யாண ரிசப்சன். சாப்பிடதுக்கு முந்தி கை கழுவிட்டு வாரேன், நாலஞ்சி பிள்ளைய வழி மறிச்சி நிக்காவ. எல்லாம் சட்டம் படிக்க பிள்ளைய. "சார், நீங்க கிளாட்வின் அண்ணன் வீடியோல வருவீங்கள்லா?"ன்னு கேக்கு ஒரு பிள்ள. எனக்கு ஒண்ணும் ஓடல. செல்பி எடுத்தாவ. போகயில அதுல ஒருத்தி கேட்டா அண்ணாச்சி, "சார், நீங்க நெசமாவே வாத்தியாரா, இல்ல அண்ணன் நடிக்கக் கூட்டிட்டு வந்த ஆளா?"

அன்னைக்கு எனக்குப் பந்தியில உக்காரப் பிடிக்கல. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன். கிளாட்வின் ஒரு சேனல் வச்சிருக்கான். அடுப்பாங்கரையில எதுலயோ போனச் சாய்ச்சி வச்சி உக்காந்திருக்கான். என் வீடியோல ஒரு துண்ட ஓட விடுதான், நிறுத்துதான், "சாரு இப்ப என்ன சொல்லுதாருன்னா"ன்னு ஆரம்பிக்கான். மீன் சந்தையில நடக்கத வச்சி, வலை பின்னுதத வச்சி, சினிமாப் பாட்ட வச்சிச் சொல்லுதான். பிறகு என்னைய ஒரு துண்டு. லட்சம் பேரு பாத்திருக்கான். ஒரு வீடியோவுக்கு ரெண்டு லட்சம். கீழ எழுதியிருக்கானுவ, "சார் பேசும்போது வீடியோவத் தள்ளி விட்டுட்டேன், அண்ணன் வந்த பிறகுதான் விளங்கிச்சு." அதுக்கு ஆயிரம் பேரு கையத் தூக்கியிருக்கான்.

நான் தள்ளி விடுத ஆளு. விளங்குதா?

எங்கிட்டக் கேட்டானான்னு நீங்க கேப்பிய. கேட்டானாம். மெசேஜ் போட்டிருக்கான், "சார், உங்க பாடத்த எடுத்துத் தமிழ்ல விளக்கி ஒரு வீடியோ போடட்டுமா"ன்னு. எங்கிட்ட இருந்து கட்டவிரலத் தூக்குன படம் ஒண்ணு போயிருக்கு. நான் எல்லாத்துக்கும் அதத்தான் போடுவேன் அண்ணாச்சி. குட்மார்னிங்குக்கும் அதுதான், எங்க பெரியப்பா செத்த செய்திக்கும் அதுதான் போட்டேன், வீட்டுல சண்ட வந்திச்சி. ஒரு கட்டவிரலு லைசென்ஸ் ஆகுமா? எந்த உரிமை, எத்தன வருசம், எந்த எல்லை, ஒண்ணும் இல்லாம? ஆகாது.

கோவத்துல செய்யல, மொறையாச் செஞ்சேன். புகாரு குடுக்கதுக்கு முந்தி ஆதாரத்த எடுத்து வைக்கணும், இது முதல் வருசத்துப் பாடம். அவன் சேனல்ல இருந்த மொத்த வீடியோவயும் இறக்கி பென் டிரைவுல போட்டேன். என்னைய எடுத்தது மட்டும் இல்ல, எல்லாத்தயும். எதுல எதுல நான் வாரேன்னு உக்காந்து பாக்கணும்லா. பிறகு புகாரு. ரொம்ப அப்பட்டமா என்னைய எடுத்திருந்தது மூணு. மூணும் மூணு படைப்பு. ஒவ்வொரு படைப்புக்கும் தனித்தனிப் புகாரு, ஒண்ணாச் சேத்துக் கட்டக் கூடாது, முப்பது வருசமா நான் இதத்தான் நடத்தியிருக்கேன். காலையில உக்காந்து மூணு புகாரு எழுதினேன். கமா விடாம எழுதினேன்.

மூணு ஆனா சேனல் போயிரும்னு தெரியாதான்னு கேட்டா, எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? அத டெல்லியில சொன்னதே நான்தான. ஆனா உடனே போயிராது, ஒரு வாரம் டைம் குடுப்பான். அந்த வாரத்துக்குள்ள அவன் எதிர்மனு போடலாம், இல்லன்னா நான் வாபஸ் வாங்கலாம். சட்டம் ஒரு கதவச் சாத்தினா இன்னொண்ணத் திறந்துதான் வைக்கும். அவன் எனக்கு ஒரு போன் பண்ணுவான், "சார்"ம்பான், நான் நாலு வார்த்த ஏசுவேன், முடிஞ்சி போயிரும்னு இருந்தேன். போனப் பக்கத்துலயே வச்சிக்கிட்டு இருந்தேன்னா பாத்துக்கிடுங்க.

அவன் போன் பண்ணல. அந்த வாரத்துல ஒரு நாள் மத்தியானம் அவன் பொண்டாட்டி வந்தா. ஜெனிட்டா. இடுப்புல பிள்ள. வெயில்ல வந்திருக்கா, காந்திமதி உள்ள கூட்டிட்டுப் போயி தண்ணி குடுத்தா. அவ உக்காரல. நின்னுக்கிட்டே சொன்னா, "சார், அந்தப் புகார வாபஸ் வாங்கிருங்க சார். அவிய குரலு அதுல மட்டுந்தான் சார் இருக்கு."

எனக்கு என்னன்னு புரியல. அவன வந்து பேசச் சொல்லும்மான்னேன்.

"பேச முடியாது சார். போன வாரம் தொண்டைய எடுத்துட்டாவ."

அப்பந்தான் எல்லாஞ் சொல்லுதா. தொண்டையில புத்துநோயாம். மதுரையில ஆபரேசன். குரல்வளையவே எடுத்தாச்சி, கழுத்துல ஒரு ஓட்ட, இனிமே பேச்சு கிடையாது. எனக்கு யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்லல. கடைசி நாலஞ்சி வீடியோல தொண்ட கரகரன்னு இருந்திச்சி, அது எனக்கு ஞாபகம் இருக்கு. ஒலிப்பதிவு சரியில்லன்னு குறிச்சி வச்சிருந்தேன்.

போன்ல இருக்கும்லா, எடுத்த வீடியோ எல்லாம்னேன். இல்லயாம். போன்ல எடம் பத்தாதுன்னு ஏத்துனதும் அழிச்சிருவானாம். எல்லாரும் அப்படித்தான செய்யாவ, அங்கதான் பத்திரமா இருக்குன்னு. அந்தப் பிள்ள அப்பன் பேசுத வீடியோவ வச்சாத்தான் சோறு திங்குமாம். காப்பிரைட்டு, லைசென்ஸு, அதுக்கு என்ன தெரியும்? ஆனா அத வச்சாத்தான் வாயத் தொறக்குமாம். இடுப்புல இருந்துக்கிட்டு அது எங்க ஹால்ல மாட்டியிருந்த போர்டையே பாத்திச்சி. பிறகு என்னையப் பாத்திச்சி. "அப்பா போன்ல வார தாத்தா"ன்னிச்சி.

நான் மனுசன் இல்லயா அண்ணாச்சி? வாபஸ் வாங்குதேன்னுதான் சொன்னேன். ஆனா ஒண்ணு சொன்னேன். சும்மா வாங்கினா நான் குடுத்த புகாரு பொய்யின்னு ஆயிரும். நாளைக்கு ஒருத்தன் கேப்பான், என்ன சாரே, காப்பிரைட் வாத்தியாரே பொய்ப் புகாரு குடுத்தாரான்னு. அதனால ஒரே ஒரு வரி. "தங்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தியது தவறு." அத அவன் எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்தாப் போதும், அடுத்த நிமிசம் வாபஸ். வாய்தான போச்சி, கை இருக்குலா?

ஜெனிட்டா சரி சார்னுட்டுப் போனா. சாயங்காலம் அவங்கிட்ட இருந்து மெசேஜ் வந்திச்சி. இந்தா, அழிக்காம வச்சிருக்கேன், வாசிக்கேன் கேளுங்க.

"சார், உடம்பு சரியானதும் நேர்ல வாரேன். தப்புன்னு எழுதித் தர மாட்டேன் சார். பாடம் நடத்த எடுக்குறது தப்பில்லன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. நான் தப்புன்னு எழுதினா உங்க புத்தகம் பொய்யாப் போயிரும். அத நான் செய்ய மாட்டேன்."

எம்புட்டுத் திமிரு பாத்தியளா. எம் புத்தகத்த எனக்கே நடத்துதான். நான் எழுதினது என்ன? வாத்தியார், மாணவன், வகுப்பு. வகுப்புன்னா நாலு சுவரு, ஒரு போர்டு. நீ அடுப்பாங்கரையில உக்காந்து ரெண்டு லட்சம் பேருக்குச் சொல்லுதது வகுப்பாகுமால? என்னது? சுவர் இருக்காதுன்னு நான் எழுதினேனா? ஆமா, இப்பச் சொன்னேன்லா. அது வேற அண்ணாச்சி. அது ஆராய்ச்சி.

நான் காத்திருந்தேன். மறுநாளும் காத்திருந்தேன். ஒரு வரி வந்தாப் போதும். காந்திமதி சாப்பாட்ட வச்சிட்டு எதிர்த்தாப்புல உக்காந்து, "அந்த பட்டன அமுத்துனா என்ன கொறஞ்சி போயிருவிய"ன்னு கேட்டா. கொறையது நான் இல்லட்டி, சட்டம்னேன். அந்த வாரம் முடிஞ்சிச்சி. காலையில தேடினா சேனல் இல்ல. கறுப்பா ஒரு பக்கம், அதுல இங்கிலீசுல ரெண்டு வரி. பதிப்புரிமை மீறல் காரணமா அகற்றப்பட்டதுன்னு. புகார் குடுத்தவர் பேருன்னு எம் பேரு போட்டிருந்தான். முழுப் பேரும், தப்பில்லாம. இத்தன வருசத்துல எம் பேரச் சரியாப் போட்டது அந்த ஒரு எடந்தான்.

எதிர்மனு போட அவனுக்கு நாள் இருந்திச்சி. தெரியாதவன் இல்ல, எங்கிட்டப் படிச்சவன். தன் உரிமையத் தூங்க விட்டவனுக்குச் சட்டம் என்ன செய்யும்? ஆசுபத்திரியில இருந்தான், வாஸ்தவம். பொண்டாட்டி பேருக்கு ஒரு அதிகாரப் பத்திரம் எழுதிக் குடுத்திருக்கலாம்.

பிறகு நோய் வேற எடத்துக்குப் பரவிட்டுன்னாவ. நேர்ல வாரேன்னு எழுதுனவன் வரல. போன மாசம் செத்துப் போனான். எனக்கு மட்டும் துக்கம் இல்லன்னு நெனைக்காதிய. அன்னைக்கு நான் பச்சத் தண்ணி குடிக்கல. எங்கிட்டப் படிச்சதுலயே, வகுப்பு முடிஞ்ச பிறகும் வாசல்ல நின்னவன் அவன் ஒருத்தன்தான். அடக்கத்துக்குப் போகல. போனா பேச்சு வேற மாதிரிப் போகும்னு போகல. காந்திமதி மட்டும் போனா. போயிட்டு வந்து செருப்பக் கூடக் கழத்தல, "அந்தப் பென் டிரைவ எடுங்க. குடுத்துட்டு வந்துருவோம்"னா.

ஆமா, பென் டிரைவு. சொன்னேம்லா, ஆதாரத்துக்கு இறக்கி வச்சேன்னு. எல்லாம் இருக்கு. ஒண்ணு விடாம இருக்கு.

என்ன அப்படிப் பாக்கிய? எடுத்துக் குடுத்துர வேண்டியதுதானன்னு எல்லாரும் சொல்லலாம், லேசு. நான் அவகிட்டச் சொன்னதத்தான் உங்ககிட்டயும் சொல்லுதேன். ஆதாரத்துக்குன்னு எடுத்தத ஆதாரத்துக்கு மட்டுந்தான் பயன்படுத்தணும். அதக் காப்பி போட்டு இன்னொருத்தருக்குக் குடுத்தா அது மீறல். அதுவும் யாரு? நான்! அந்தக் குரலு சட்டப்படி அந்தப் பிள்ளையோடதுதான், மறுக்கல, வாரிசுலா. அறுபது வருசத்துக்கு அதுக்குத்தான் உரிமை. ஆனா அதுல எங் குரலும் சேந்து கெடக்கே. அவன் ஒரு துண்டு, நான் ஒரு துண்டு. வெட்டிப் பிரிக்க முடியுமா? அப்பம் அந்த ஒரு வரி இல்லாம எப்படிக் குடுக்க?

"நான் சோறு போட்ட பிள்ள அவன். உங்களுக்கு அவன் எதிர்வாதியா"ன்னு கேட்டா காந்திமதி. மறுநாள் கோயம்புத்தூருக்கு மக வீட்டுக்குப் போயிட்டா. வந்துருவா. அவளுக்குச் சட்டம் தெரியாது, அவ்வளவுதான்.

வீடு அமைதியாக் கெடக்கு அண்ணாச்சி. சாயங்காலம் ஆனா ஒண்ணு ரெண்டு எடுத்துக் கேப்பேன். பென் டிரைவு கெட்டுப் போகாம இருக்கான்னு பாக்கணும்லா. போன்லயும் ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். இருங்க, நீங்களும் கேளுங்க, நான் சொன்னா நம்ப மாட்டிய, எப்படிப்பட்ட குரலுன்னு. இந்த இயர்போனக் காதுல வச்சிக்கிடுங்க. நல்லா வைங்க. கேக்குதா?

மொதல்ல என்ன சொல்லுதான்? "இது எங்க சாரு. எனக்குத் தெரிஞ்ச சட்டம் பூராவும் அவரு போட்ட பிச்ச." எல்லா வீடியோலயும் அப்படித்தான் ஆரம்பிப்பான். ரிசப்சன்ல வந்த அந்தக் காலேஜ் பிள்ளைய ஒருத்தரும் அத முழுசாக் கேக்கல போலிருக்கு. பேரச் சொல்லிட்டா அனுமதி ஆயிராது, அது வேற விசயம்.

இப்ப ஒரு பிள்ளச் சத்தம் வருதா? அதுதான் அந்தப் பிள்ள. நடுவுல வந்துரும். "இரு தாயி, அப்பா பாடம் நடத்துதேம்லா"ம்பான். அத எடிட் பண்ணித் தூக்கியிருக்கணும், செய்யல. மொறையா எடுக்கத் தெரியாது அவனுக்கு. ஆனா நான் அந்த எடத்தத் தள்ளி விடுததில்ல. எதுக்குன்னு தெரியல.

கேட்டுக்கிட்டே இருங்க. நான் சொல்ல வந்தத முடிச்சிருதேன். செத்தவன் எழுத முடியாது, சரி. வாரிசு எழுதலாம்லா? அதுக்குச் சட்டத்துல எடம் இருக்கு. நான் டைப் பண்ணிக் கொண்டு வந்திருக்கேன். "என் கணவர் தங்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தியது தவறு." ஜெனிட்டா கையெழுத்துப் போடணும். போட்டா அந்த நிமிசமே பென் டிரைவ அவ கையில குடுத்துருவேன். இன்னைக்குப் பூசைக்கு வந்தவங்க எல்லாம் வீட்டுல இருப்பாவ, எல்லாரு முன்னாலயும் ஆயிட்டா பிறகு ஒரு பேச்சு வராது. பிள்ள ராத்திரி அப்பங் குரலக் கேட்டுச் சாப்பிடும். யாருக்கு நட்டம், சொல்லுங்க?

ஒண்ணே ஒண்ணுதான் கொற. சாட்சி வேணும். அவங்க ஆளுவ போட மாட்டாவ, எம் பக்கத்துல ஆளே கிடையாது. உங்களப் பாத்ததுமே நெனச்சேன். ரெண்டு பக்கத்துக்கும் வேண்டாதவரும் இல்ல, வேண்டியவரும் இல்ல. சாட்சிக்கு அதுதான் பொருத்தம். திருச்செந்தூர்ல எறங்கி எங்கூட ஒரு எட்டு வந்திட்டுப் போனா...

என்ன எந்திரிக்கிய? இது குரும்பூருலா, உங்க ஸ்டாப் இன்னும் வரலியே. முன்னால எங்க சீட்டு இருக்கு? நிக்கப் போறியளா அம்புட்டுத் தூரமும்?

சரி, உங்க இஷ்டம். அந்த இயர்போன மட்டும் குடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. இன்னும் அவன் பேசி முடிக்கல.